கற்க வரும் கைகளுக்கு ஒரு பட்டறை

குயவர் மகன் மண்தான் மிதிக்க வேண்டும், சலவைத் தொழிலாளியின் மகன் துணிதான் வெளுக்க வேண்டும் என்று எந்த அரசு எந்தப் பெயரில் சொன்னாலும் தமிழ்நாடு ஏற்பதில்லை. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம் பள்ளி நேரத்தைச் சுருக்கி, மீதி நேரத்தில் பெற்றோரின் தொழிலைப் பழகச் சொன்னது. ‘குலக்கல்வி’ என்று பெயர் வாங்கிய அந்தத் திட்டம் பெரியாரும் திமுகவும் காட்டிய எதிர்ப்பில் ஆட்டம் கண்டது; ராஜாஜி பதவி விலகிய பின், 1954இல் காமராஜர் அதைக் கைவிட்டார். 2023 செப்டம்பரில் ஒன்றிய அரசு கைவினைஞர்களுக்காகத் தொடங்கிய விஸ்வகர்மா திட்டத்தையும் மாநில அரசு அதே கண்ணோடுதான் பார்த்தது. விண்ணப்பிப்பவரின் குடும்பம் அந்தத் தொழிலைப் பரம்பரையாகச் செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையை நீக்குங்கள், குறைந்தபட்ச வயதை 18இலிருந்து 35ஆக உயர்த்துங்கள் என்று கேட்டது. கேட்டது கிடைக்கவில்லை. திட்டத்தை ஏற்க மறுத்துவிட்டு, 2025 ஏப்ரலில் கலைஞர் கைவினைத் திட்டத்தைத் தொடங்கியது. 25 தொழில்கள், 35 வயது நிறைந்தவர்களுக்கு, சாதியோ குடும்பத் தொழிலோ கேட்காமல், 3 லட்சம் ரூபாய் வரை கடன், 50,000 ரூபாய் வரை மானியம். பிறப்பைக் கேட்கும் கதவு மூடப்பட்டது. சரியான முடிவு.

ஆனால் அந்தக் கதவை மூடிய கையோடு இன்னொன்றைத் திறந்திருக்க வேண்டும். மண்பாண்டம் செய்தவர்களின் பிள்ளைகள் இன்று செவிலியர்களாகவும் பொறியாளர்களாகவும் இருக்கிறார்கள். அதற்காகத்தான் இவ்வளவு போராட்டமும் நடந்தது; அதில் வருத்தப்பட எதுவுமில்லை. பிள்ளைகள் போன இடத்துக்கு யார் வருவார்கள் என்ற கேள்விக்குத்தான் பதில் இல்லை. கைவினைத் திட்டம் அடிப்படையில் ஒரு கடன் திட்டம். கையில் தொழில் இருப்பவரை அது மேலே தூக்கிவிடும். கையில் ஒன்றும் இல்லாமல், கற்க ஆசை மட்டும் இருக்கிற நாற்பது வயதுக்காரர் எங்கே போவார்? வங்கிக்குப் போய் என்ன சொல்வார்?

அப்படிப்பட்டவர்களுக்காக, நேரடியாகக் கையில் பொருளைக் கொடுத்துக் கற்பிக்கும் குறுகிய காலப் பட்டறைகளை மதுரை மாநகராட்சி தன் செலவில் நடத்த வேண்டும். அதை அவனியாபுரத்தில் தொடங்க வேண்டும் என்று வலியுறுத்துகிறோம்.

ஏன் அவனியாபுரம்? தைப் பொங்கல் அன்று ஜல்லிக்கட்டுக்காக நாடே திரும்பிப் பார்க்கும் ஊர் இது. தனி நகராட்சியாக இருந்து மாநகராட்சியோடு சேர்ந்த பகுதி. விமான நிலையத்துக்குப் போகிறவர்கள் கடந்து போகிற, வீட்டுமனைகளாக நிரம்பிவரும் புறநகர். வயல் போய்விட்டது, அந்த இடத்துக்குப் புதிதாக வந்ததெல்லாம் வீடுகளும் கடைகளும் கிடங்குகளும்தான். ஆனாலும் மதுரையின் கைத்தொழில்கள் இந்த ஊரைச் சுற்றித்தான் இருக்கின்றன. மேற்கே திருப்பரங்குன்றத்தை ஒட்டி விளாச்சேரி: கொலு பொம்மைகளும் பிள்ளையாரும் கிறிஸ்துமஸ் குடிலுக்கான உருவங்களும் செய்கிற வேளார் குடும்பங்கள் அங்கே இருக்கின்றன. வடக்கே நகருக்குள் சௌராஷ்டிர மக்களின் சுங்குடிச் சேலை. தென்கிழக்கே ஒரு பஸ் பயணத்தில் மானாமதுரை. அதன் கடம் கச்சேரி மேடைகளில் ஒலிக்கிறது. இந்த மூன்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வயது வந்த ஒருவர் இவற்றில் ஒன்றையாவது கற்க வழியில்லாத நகரமாக மதுரை இருப்பது நமக்குப் பெருமை அல்ல.

சுங்குடியை எடுத்துக்கொள்வோம். 2005இல் புவிசார் குறியீடு பெற்ற சேலை. துணியில் குறித்த புள்ளியை நகத்தால் கிள்ளித் தூக்கி, நூலை இறுக்கிச் சுற்றி, முடிச்சிட்டு, அடுத்த புள்ளிக்கு நகர வேண்டும். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சுகள். சாயத்தில் முக்கி எடுத்துக் காயவைத்துப் பிரித்தால், முடிச்சுக்குள் சாயம் போகாத இடம் புள்ளியாகத் தெறித்து நிற்கும். பெரும்பாலும் பெண்கள்தான் வீட்டு வேலைக்கு நடுவே இதைக் கட்டிவந்தார்கள். இன்று கடையில் சுங்குடி என்று விரித்துக் காட்டப்படுவதில் பெரும்பகுதி மெழுகு அச்சும் திரை அச்சும்தான். அச்சுச் சேலையை நாம் குறை சொல்லவில்லை. அன்றாடம் உடுத்த விலை கட்டுப்படியாகிறது, பலருக்கு வேலையும் தருகிறது. கைமுடிச்சுச் சேலையைக் கேட்டு வாங்குகிறவர் இல்லாமல் போனதுதான் சிக்கல். வித்தியாசம் தெரியாதவர் எப்படிக் கேட்பார்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து உள்ளங்கை அகலத் துணியில் முடிச்சுப் போட்டுப் பார்த்தவருக்கு அந்த வித்தியாசம் வாழ்நாள் முழுக்க மறக்காது. புள்ளிகள் ஒன்றுபோல் ஒன்று இருக்காது என்பதையும், கட்டிய துணியில் லேசான சுருக்கம் நிற்கும் என்பதையும் அவருக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. விரல் நுனி வலித்திருக்கும். அதற்குப் பிறகு விற்பவரிடம் நூறு ரூபாய்க்குப் பேரம் பேச நாக்கு கொஞ்சம் கூசும். குறுகிய காலப் பட்டறை கைவினைஞரை உருவாக்காது என்பது உண்மைதான். விவரம் தெரிந்த வாடிக்கையாளரை உருவாக்கும். இப்போதைக்குச் சுங்குடிக்கு அவர்தான் அவசரமாகத் தேவை.

பிறப்பு வழி மட்டுமே வந்த ஒரு கலையைப் பட்டறைகள் திறந்துவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு மதுரை மாவட்டத்திலேயே சாட்சி இருக்கிறது. பறை. ஒரு தலைமுறைக்கு முன்பு வரை இழவு வீட்டோடும் ஒரு சாதியின் இழிவோடும் சேர்த்துக் கட்டப்பட்டிருந்த கருவி அது. அலங்காநல்லூரைச் சேர்ந்த வேலு ஆசான் போன்றவர்கள் கல்லூரி மாணவர்களுக்கும் பெண்களுக்கும் அலுவலகம் போகிறவர்களுக்கும் கற்றுக்கொடுத்தார்கள். இன்று பறையைத் தோளில் மாட்டி நிற்பவரின் சாதியைப் பார்வையிலேயே கணிக்க முடியாது. 2025இல் ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. விருதை விட, கற்க வந்தவர்களின் பட்டியலே பெரிய மாற்றம்.

ஆனால் பறை அடிக்கக் கற்ற இத்தனை பேரில் பறை கட்டக் கற்றவர்கள் எத்தனை பேர்? மூன்று மரத்துண்டுகளை இணைத்துச் சட்டம் செய்வது, தோலைப் பதம் பார்ப்பது, புளியங்கொட்டைப் பசை காய்ச்சி இழுத்து ஒட்டுவது என அந்தப் பாதி வேலை இன்னமும் பழைய கைகளிலேயே கிடக்கிறது. மேடை ஏறுகிற பாதியை எல்லோரும் எடுத்துக்கொண்டோம்; கையில் தோல் படுகிற பாதியை அவர்களிடமே விட்டுவைத்திருக்கிறோம். இதை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. கலையைச் சொல்லிக்கொடுக்க இடம் கிடைத்தது, தொழிலைச் சொல்லிக்கொடுக்க இடமில்லை, அவ்வளவுதான். நாம் கேட்கும் பட்டறை இந்த இரண்டாவது பாதிக்கானது.

செட்டிநாட்டுக் கொட்டான் இன்னொரு நல்ல முன்மாதிரி. நகரத்தார் வீட்டு ஆச்சிமார் பனையோலையில் பின்னி வந்த கூடை, வீடுகள் பூட்டப்பட்டு ஆட்கள் வெளியூர் போனபோது அருகிப்போனது. விசாலாட்சி ராமசாமி முன்னெடுத்த அறக்கட்டளை, காரைக்குடிச் சுற்றுவட்டாரக் கிராமத்துப் பெண்களுக்கு அதைப் பழக்கியது. இன்று பின்னுகிற கைகள் பழைய வீடுகளின் கைகள் இல்லை. கூடை அதே கூடைதான், புவிசார் குறியீடும் பெற்றுவிட்டது. வெளிநாட்டிலும் இதே கதைதான். பிரிட்டனில் அழியும் கைத்தொழில்களுக்கென்று 2017இல் ஒரு சிவப்புப் பட்டியல் வெளியானது. மரச் சல்லடை செய்யும் தொழில் அதில் ‘அழிந்தது’ என்று குறிக்கப்பட்டிருந்தது. செய்தியைப் பார்த்து, அந்தத் தொழிலுக்குச் சம்பந்தமே இல்லாத சிலர் கற்றுக்கொண்டு செய்ய ஆரம்பிக்க, 2019 பட்டியலில் ‘அழியும் விளிம்பில்’ என்று மாற்றி எழுத வேண்டியதாயிற்று. சல்லடையைக் காப்பாற்றியவர்கள் அந்தத் தொழிலுக்கு வெளியிலிருந்து வந்தவர்கள்.

எதிர்ப்புகள் வரும். இதெல்லாம் வசதியானவர்களின் பொழுதுபோக்கு என்பது முதலாவது. பெருநகரங்களில் நடப்பதைப் பார்த்தால் அதில் உண்மை இல்லாமல் இல்லை: ஏப்ரன் கட்டி, சக்கரத்தில் ஒரு கோப்பை திருகி, செல்ஃபி எடுத்து, வீட்டுக்குப் போவதோடு சரி. முட்டுக்காட்டில் 1996 முதல் இயங்கும் தட்சிணசித்ரா போன்ற இடங்கள் கைவினைஞர்களை வைத்துப் பொறுப்போடு பட்டறைகள் நடத்துகின்றன. ஆனால் அவனியாபுரத்து இல்லத்தரசிக்கு முட்டுக்காடு எவ்வளவு தூரம்! கட்டணம் வசதியானவர்களுக்கு மட்டும் எட்டுகிறது என்றால், அதற்கு மருந்து பட்டறையை மூடுவது இல்லை, மாநகராட்சிப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவருவதுதான்.

இரண்டாவது எதிர்ப்பு கைவினைஞர்களிடமிருந்தே வரும், அதைத்தான் நாம் கவனித்துக் கேட்க வேண்டும். “எங்கள் சோற்றை ஊருக்கெல்லாம் பிரித்துக்கொடுக்கச் சொல்கிறீர்களா?” களிமண்ணில் மணல் எவ்வளவு சேர்ப்பது, சூளையை எப்போது அணைப்பது என்பதெல்லாம் அவர்களின் சொத்து. அதை இலவசமாகக் கேட்க நமக்கு உரிமை இல்லை. விஸ்வகர்மா திட்டத்தில் பயிற்சிக்கு வருகிறவருக்கு நாளுக்கு 500 ரூபாய் உதவித்தொகை என்பது எல்லோருக்கும் தெரியும். கற்றுக்கொடுக்கும் கைக்கு என்ன கூலி என்று பொதுவெளியில் யாரும் கேட்டதாக நினைவில்லை. கண்காட்சிகளில் ஓரமாக உட்காரவைத்து, ‘செய்து காட்டுங்கள் ஐயா’ என்று சொல்லி, பொன்னாடை போர்த்தி அனுப்பும் பழக்கம் நம்மிடம் உண்டு. அது ஒழிய வேண்டும். பட்டறை நடத்தும் கைவினைஞர் ஆசிரியர். ஆசிரியருக்கு உரிய மதிப்பூதியம், அன்றைக்கு அவர் தொழிலில் சம்பாதித்திருக்கக்கூடியதை விடக் கூடுதலாகவே, அன்றைக்கே அவர் கையில் சேர வேண்டும். எதைச் சொல்லிக்கொடுப்பது, எதை வைத்துக்கொள்வது என்பதும் அவர் முடிவு.

மூன்றாவதாக ஓர் எச்சரிக்கையை நாமே சொல்லிவிடுகிறோம். பட்டறையின் முடிவில் சான்றிதழ் வேண்டாம். சுயஉதவிக் குழுக்களுக்கென நடக்கும் பல ஐந்து நாள் பயிற்சிகளின் கதி தெரிந்ததுதான்: குழுப்படம், சான்றிதழ், அதற்குப் பிறகு நூலும் இல்லை, ஊசியும் இல்லை, வாங்க ஆளும் இல்லை. இரண்டு நாளில் கைவினைஞர் ஆகிவிட்டதாக ஒருவரை நம்பவைப்பது அவருக்கும் துரோகம், முப்பது ஆண்டு உழைத்தவருக்கும் துரோகம்.

எனவே செய்ய வேண்டியது இது. அவனியாபுரத்தில் ஒரு மாநகராட்சிப் பள்ளிக் கட்டடத்தை ஞாயிற்றுக்கிழமைகளில் திறந்துவிடலாம். ஒரு தொழிலுக்கு நான்கைந்து ஞாயிறுகள் போதும். ஒரு பட்டறைக்குப் பதினைந்து பேருக்கு மேல் சேர்த்தால் ஆசிரியரின் கண் எல்லோர் கைமீதும் படாது. தொழில்களைத் தேர்ந்தெடுக்கும்போது பறை கட்டுவதும் கூடை முடைவதும் சுங்குடிக்குச் சமமாகப் பட்டியலில் இருக்க வேண்டும். விண்ணப்பத்தில் சாதிக்கோ தந்தை தொழிலுக்கோ கட்டம் இருக்கக் கூடாது. முடித்தவர்களில் ஒருவரோ இருவரோ தொடர விரும்புவார்கள். அவர்களை விளாச்சேரியிலோ மானாமதுரையிலோ ஒரு பட்டறையில் ஆறு மாதம், ஒரு வருடம் உதவியாளராகச் சேர்த்துவிட்டு, அந்தக் காலத்துக்கு உதவித்தொகை தர வேண்டும். அதையும் தாண்டி நிற்கிறவர்தான் கைவினைத் திட்டத்தின் கடனுக்குப் பொருத்தமானவர். கடன் முதலில், தொழில் பிறகு என்று தலைகீழாக ஓடக் கூடாது.

மண் விஷயத்தையும் இதோடு சேர்த்தே பேச வேண்டியிருக்கிறது. கண்மாய்களில் களிமண் எடுக்க வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி பெறலாம் என்று 2024இல் நடைமுறை எளிதாக்கப்பட்டது. மண்பாண்டத் தொழிலாளர்கள் நெடுங்காலம் கேட்டு வந்தது அது. அவனியாபுரத்தை ஒட்டிய அயன்பாப்பாக்குடி கண்மாயிலோ கழிவுநீர் கலந்து வெண்ணுரை பொங்கி, படம்படமாகச் செய்தியானது. மண்ணைப் பிசையக் கற்றுக்கொடுக்கிற மாநகராட்சி, அந்த மண் கிடக்கிற கண்மாய்க்குள் சாக்கடையை விடுவது எப்படிப் பொருந்தும்? அனுமதித் தாளை வைத்துக்கொண்டு நுரையில் யார் மண் எடுப்பது?

கொலுவுக்கும் கார்த்திகைக்கும் கிறிஸ்துமஸுக்கும் ஓடி ஓடி உழைக்கும் பொம்மைத் தொழிலாளர்களுக்குத் தையும் மாசியும்தான் கொஞ்சம் மூச்சுவிடும் காலம். மழை ஓய்ந்து, செய்தது நன்றாகக் காயும் வெயிலும் அப்போதுதான். முதல் பட்டறையை அந்த மாதங்களில் விளாச்சேரி ஆசிரியர்களைக் கொண்டே தொடங்கலாம். பெரிய கட்டடமோ புதிய அலுவலகமோ தேவையில்லை. மதிப்பூதியம், மண், நூல், சாயம், உதவித்தொகை ஆகியவற்றுக்கான ஒரு சிறு ஒதுக்கீடு போதும். மாநகராட்சியின் அடுத்த வரவு-செலவுத் திட்டத்தில் அது இடம்பெற வேண்டும். அவனியாபுரத்தின் மாமன்ற உறுப்பினர்கள், எந்தக் கட்சியினர் ஆனாலும், இதைக் கேட்டுப் பெற வேண்டும்.