கத்தியைக் கீழே வைத்த பின்னர்

“சத்திரசிகிச்சை நன்றாக முடிந்தது என்று வைத்தியர் கூறினார். பத்து நாட்களாகியும் தந்தையாரை வீட்டுக்கு விடவில்லை. வயிற்றில் வைத்த குழாயையும் எடுக்கவில்லை. எதனையோ எம்மிடம் மறைக்கின்றார்களா?” சதையிப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் ஒருவரின் மகள் இவ்வாறு வினவுகின்றார்.

மறைக்கின்றார்கள் என்று எண்ணிக் கலங்க வேண்டாம், மகளே. இச்சிகிச்சையின் பெரும் அபாயங்கள், வைத்தியர் கத்தியைக் கீழே வைத்த பின்னரே தலைகாட்டுகின்றன.

சதையியின் தலைப்பாகத்திற் புற்று உண்டாயின், அத்தலையுடன் முன்சிறுகுடல், பித்தப்பை, பித்தக்கானின் ஒரு பகுதி ஆகியனவும் அகற்றப்படும். பின்பு எஞ்சிய சதையி, பித்தக்கான், இரைப்பை மூன்றும் குடலோடு இணைத்துத் தைக்கப்படும். 1935 ஆம் ஆண்டில் இதனைப்பற்றி எழுதிய நியூயோர்க் வைத்தியர் அலன் விப்பிளின் பெயரே இம்முறைக்கு நிலைத்துவிட்டது.

மூன்று தையல்களிலும் வைத்தியருக்கு உறக்கத்தைக் கெடுப்பது சதையித் தையலே. வெண்ணெயில் நூலோட்டுவது போன்ற வேலை அது. மேலும், நாம் உண்ணும் இறைச்சியைக் கரைக்கும் சதையிச்சாறு, கசிந்தால் நமது தசையையும் விட்டுவைப்பதில்லை. அதனாலேயே குழாய் வைக்கின்றனர். மூன்றாம் நாளிலோ அதன் பின்னரோ குழாய்நீரைச் சோதிக்கும்போது, அமிலேசு என்னும் நொதியம் இரத்தத்திற்குரிய உச்ச அளவைப்போல் மும்மடங்குக்கு மேலிருந்தால் கசிவென ஐயுறுவர். பெரும்பாலான கசிவுகள் தாமே அடைபடும்; அதுவரை குழாய் இருக்க வேண்டியதுதான்.

ஆனால் கசியும் சாறு அருகிலுள்ள நாடியை அரித்துவிட்டால், ஒரு வாரம் கழிந்த பின்னருங்கூடக் குருதி பெருகலாம். அதற்கு முன்னறிவிப்பாகக் குழாயிற் சிறிது இரத்தம் தோன்றித் தானே நின்றுவிடுவதும் உண்டு. “நின்றுவிட்டதே” என்று வாளாவிருத்தல் ஆகாது. அக்கணமே தாதியிடம் கூறவேண்டும்.

இரைப்பை பல நாட்கள் சோம்பிக் கிடந்து வாந்தி உண்டாதலும் வழக்கமே. வீட்டுக் கஞ்சியைத் தாதியர் அறியாமல் ஊட்டும் அன்பு இவ்வேளையில் வேண்டாம்.

2002 ஆம் ஆண்டில் அமெரிக்க முதியோரிடையே நடந்த ஆய்வொன்றில், இச்சிகிச்சையை மிக அரிதாகச் செய்த வைத்தியசாலைகளில் நூற்றுக்கு 16 பேரளவில் மாண்டனர். அடிக்கடி செய்தவற்றில் 4 பேரளவிலேயே மாண்டனர். கைதேர்ந்தவர் தைத்தாலும் கசிவு நேரும். பழகிய இடத்தில் அது வேளையோடு கண்டுபிடிக்கப்படுகின்றது. இனிமேற் சிகிச்சைக்குச் செல்வோர், “ஆண்டுக்கு எத்தனை பேருக்குச் செய்கின்றீர்கள்?” என்று கேட்கத் தயங்கலாகாது.

வீடு திரும்பிய பின் நடுக்கத்துடன் காய்ச்சல், கண்ணில் மஞ்சள், ஒரு காலில் மட்டும் வீக்கம், திடீர் மூச்சுத்திணறல் ஆகியவற்றுள் எது கண்டாலும் அன்றே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். சிலருக்கு நீரிழிவும் தோன்றும். மலம் எண்ணெய்ப்பசையுடன் மிதந்து, உடல் மெலிந்தால், சமிபாட்டு நொதியம் போதவில்லை என்பது பொருள். பல வீடுகளில் அப்போது மீனையும் முட்டையையும் நிறுத்தி நோயாளியை மேலும் மெலியவைக்கின்றனர். வேண்டியது பத்தியமன்று, நொதியக் குளிசை. அதையும் வெறுவயிற்றிலன்றி, உணவோடு சேர்த்தே விழுங்கவேண்டும்.

வைத்தியர் அடுத்த முறை கட்டிலருகே வரும்போது, குழாய்நீர்ச் சோதனையின் முடிவு யாதென்று கேளும், மகளே. எப்போது வீடு திரும்பலாம் என்பது பெரும்பாலும் அந்த விடையிலேயே தங்கியுள்ளது.