தட்டு பிங்க் ஆனா மருந்து ரெடியா?

'மண்ணிலிருந்து புற்றுநோய்க்கு மருந்து!' இப்படி ஒரு தலைப்பைப் பார்த்தா உடனே ஷேர் பண்ணத் தோணும். கொஞ்சம் பொறுங்க.

குழந்தைகளை அதிகம் தாக்கும் ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்கு எல்-ஆஸ்பராஜினேஸ் என்ற நொதி மருந்தாகப் பயன்படுகிறது. அதைச் சுரக்கும் நுண்ணுயிரிகளைத் தேட, ஆஸ்பராஜினும் ஃபீனால் ரெட் சாயமும் கலந்த தட்டில் அவற்றை வளர்க்கிறார்கள். நொதி ஆஸ்பராஜினை உடைத்தால் அம்மோனியா வெளியாகும், காரத்தன்மை கூடும், மஞ்சள் தட்டு பிங்க் ஆகும்.

செலவு குறைவு, கண்ணாலேயே வடிகட்டலாம். ஆனால், சாயம் காட்டுவது காரத்தன்மையை மட்டும்தான். அது எதனால் கூடியது என்று சொல்லாது. அதனால்தான் ஆஸ்பராஜின் சேர்க்காத தட்டோடு ஒப்பிடணும். நொதியின் செயல்திறனைத் தனியாக அளக்கணும். சுத்திகரிப்பும் பாதுகாப்புச் சோதனைகளும் அதற்கு அப்புறம்தான்.

பிங்க் நிறம் வெறும் முதல் சல்லடை. அதையே மருந்து என்று தலைப்பு போடுவது, மருத்துவமனையில் காத்திருக்கும் பெற்றோருக்கு நாம செய்யும் அநியாயம்.