பெட்டியில் பெயர் எழுதுங்கள்!

நெய்வேலி நகரியத்தில் வீடு தேடி அலைய வேண்டியதில்லை. வட்ட எண்ணும் வீட்டு எண்ணும் தெரிந்தால் போதும். நேரே வாசலில் போய் நிற்கலாம்.

பழுப்பு நிலக்கரியை எரித்து, 1962-ஆம் ஆண்டு முதல் மின்சாரம் கொடுத்து வரும் ஊர் அது. ஆனால், மின்சாரம் பிறக்கும் ஊரானாலும் சரி, போய்ச் சேரும் ஊரானாலும் சரி, வீட்டு மின்சாரப் பெட்டியைத் திறந்தால் பலருக்குத் திகைப்புதான். ஆறேழு சுவிட்சுகள் இருக்கும். எது சமையல் அறைக்கு? எது தண்ணீர் மோட்டாருக்கு? வீட்டுக்கு எண் போட்டவர்கள் சுவிட்சுக்குப் பெயர் போட்டால் என்ன?

மின்விசிறியைக் கழற்ற ஒருவர் ஏணியில் ஏறுகிறார். "அணைத்தாயிற்று" என்கிறார்கள் கீழே நிற்பவர்கள். அணைத்ததோ பக்கத்து அறைச் சுவிட்சை! 230 வோல்ட்டு ஆளைக் கொல்லப் போதும்.

செலவு ஒன்றும் இல்லை. ஒருவர் பெட்டியருகே நின்று ஒவ்வொரு சுவிட்சாக அணைக்க வேண்டும். எந்த விளக்கு, எந்த விசிறி நின்றது என்று மற்றவர் பார்த்துச் சொல்ல வேண்டும். பிளக்குகளில் மேஜை விளக்கைச் செருகிப் பார்க்கலாம். தெரிந்ததைச் சுவிட்சின் பக்கத்திலேயே எழுதி ஒட்ட வேண்டும். மூடியில் ஒட்டினால், மூடி மாறும்போது சீட்டும் போய்விடும். வெறும் 1, 2, 3 என்று எழுதிப் பயன் இல்லை. 'சமையல் அறை விளக்கு' என்று எழுதினால், எழுத்துக் கூட்டிப் படிக்கும் பாட்டிக்கும் புரியும்.

இன்வெர்ட்டர் உள்ள வீட்டில், மெயினை அணைத்தாலும் சில கம்பிகளில் மின்சாரம் இருக்கும். அதையும் பெட்டியில் எழுதுங்கள். சீட்டை மட்டும் நம்பிக் கம்பியைத் தொடக் கூடாது. எலக்ட்ரீஷியன் டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகே வேலை. புதிதாக ஏ.சி. மாட்டினால், அவர் கிளம்பும் முன் சீட்டையும் மாற்றி எழுதச் சொல்லுங்கள்.