ஆர்டர் வேண்டுமா? முதலில் ஒரு கடிதம் எழுதுங்கள்

சிங்கப்பூரின் புக்கிட் பாஞ்சாங் எல்ஆர்டி ரயில் அடுக்குமாடிகளை உரசினாற்போல் போகும் இடங்களில் அதன் சன்னல் கண்ணாடி தானாகவே மங்கிவிடும். வீட்டுக்குள் இருப்பவர்களுக்குக் காட்டும் மரியாதை அது. 1999இல் ஓடத் தொடங்கிய ரயிலுக்கே இந்த நாகரிகம் தெரிந்திருக்கிறது. அந்த வீடுகளின் கூடத்தில் கேட்டலாக் பார்ட்டி வைக்கும் விற்பனையாளர்களோ, வாட்ஸாப்பில் இருக்கும் எல்லாருக்கும் ஒரே படத்தைத் தட்டிவிட்டு ஆர்டருக்குக் காத்திருக்கிறார்கள். வராது.

வீட்டில் கூட்டிவைத்து விற்கும் இந்த முறைக்குப் பெயர் வாங்கித் தந்தது டப்பர்வேர் என்ற பிளாஸ்டிக் டப்பா நிறுவனம். மூடியை எப்படி அழுத்தி மூடுவது என்று யாராவது செய்து காட்டினால்தான் அந்த டப்பாவின் அருமை புரியும். கடைகளில் அதற்கு ஆளில்லை. பிரவுனி வைஸ் என்ற பெண்மணி வீட்டுப் பார்ட்டிகளில் விற்றுக் குவித்ததைப் பார்த்த நிறுவனம், 1951இல் சரக்கைக் கடைகளிலிருந்தே எடுத்துவிட்டது. அதே டப்பர்வேர் 2024 செப்டம்பரில் அமெரிக்காவில் திவால் பாதுகாப்புக் கேட்டு மனுச் செய்தது. பிராண்டின் பெயரை மட்டும் நம்பி இனி யாரும் வாங்கப்போவதில்லை. விற்பவரை நம்பித்தான் வாங்குவார்கள்.

அந்த நம்பிக்கையைக் கடிதம் வளர்க்கும். டெட்ராய்ட் அருகே கார் விற்ற ஜோ ஜிரார்ட், தம்மிடம் வாங்கியவர்களுக்கு மாதந்தோறும் வாழ்த்து அட்டை அனுப்பியவர். 1963 முதல் 1978 வரை 13,001 கார்களை விற்றார்.

புக்கிட் பாஞ்சாங் அக்காமார்களுக்கு மாதம் ஒன்று தேவையில்லை. தீபாவளிக்கு மூன்று வாரம் முன்னால் ஒன்று போதும். “அக்கா, போன வருஷம் முறுக்குக்கு இரண்டு பெரிய டப்பா எடுத்தீங்க. மூடி இன்னும் இறுக்கமா இருக்கா? தளர்ந்திருந்தா சனிக்கிழமை கொண்டு வாங்க, பார்த்துடலாம். அதிரசம் அடுக்க வசதியா ஒரு தட்டையான டப்பா வந்திருக்கு. வாங்கணும்னு இல்ல, டீ குடிச்சிட்டுப் போங்க.” இவ்வளவுதான் கடிதம். அவர் என்ன வாங்கினார் என்பது இதில் இருக்கிறது. அவர் கேட்கப்போகும் கேள்விக்கும் பதில் இருக்கிறது. விலைப்பட்டியலைப் பிறகு காட்டிக்கொள்ளலாம்.

உள்நாட்டுக் கடிதத்துக்கான தபால் கட்டணம் 2025 ஜனவரியில் 62 காசாக ஏறியது. ஆகவே எல்லாருக்கும் அனுப்ப வேண்டாம். ஏற்கெனவே வாங்கிய இருபது பேருக்கு, கையால், தமிழில் எழுதினால் போதும்.

கடிதத்தின் கடைசியில் இன்னும் ஒரு வரி கட்டாயம் வேண்டும். அழைக்காமல் வீடு தேடி வந்து விற்றவரிடம் செய்த ஒப்பந்தத்தை, வார இறுதியும் பொது விடுமுறையும் நீங்கலாக ஐந்து நாளுக்குள் ரத்து செய்ய சிங்கப்பூர்ச் சட்டம் இடம் தருகிறது. அழைப்பை ஏற்றுப் பார்ட்டிக்கு வந்தவருக்கும் அதே வாக்கை எழுத்தில் கொடுங்கள்: “பிடிக்கவில்லை என்றால் ஐந்து நாளில் திருப்பித் தரலாம்.” கீழே உங்கள் கையெழுத்தும் தொலைபேசி எண்ணும் இருக்கட்டும்.