ஒற்றைக் கோடு



எங்கள் வீட்டில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அம்மா ஒரகடம் பக்கம் ஒரு பிரஸ் ஷாப்பில் ஒப்பந்தத் தொழிலாளி. தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பார். இங்கிலீஷ் சுத்தமாகத் தெரியாது.

போன விடுமுறையில் ஒரு சிறு பட்டறைக்குப் பயிற்சிக்குப் போனேன். அலுமினியத் தகட்டில் சி.என்.சி. மெஷினால் எழுத்துப் பொறிக்கும் வேலை. "கையை உள்ளே விடாதே" என்று தமிழில் போட்டேன். வந்ததைப் பார்த்தால் ஒவ்வொரு எழுத்தும் ரெட்டைக் கோடாக, உள்ளே வெறுமையாக நிற்குது! நேரமும் ரெண்டு பங்கு ஆச்சு. "பேசாம இங்கிலீஷ்ல போட்டுடுப்பா" என்றார் மேஸ்திரி.

ஏன் இப்படி? கம்ப்யூட்டர் எழுத்து கோடு அல்ல, வேலி போட்ட வடிவம். மெஷின் ஊசி அந்த வேலியைச் சுற்றித்தான் ஓடும். கோட்டை வடிவமாக்க இங்க்ஸ்கேப்பில் ஒரே ஒரு கட்டளை போதும். வடிவத்தைத் திரும்பக் கோடாக்குவதோ, அரைத்த மாவை அரிசியாக்குகிற கதைதான்! 2020-இல் வந்த இங்க்ஸ்கேப் 1.0-இல் நடுக்கோடு எடுக்கும் வசதி உண்டு. எழுத்தைப் படமாக்கிக் கொடுத்தால் நடு எலும்பை எடுத்துத் தரும். ஆனால் 'ளே', 'கை' மாதிரி சுழி வரும் இடங்களில் முள் முள்ளாகக் கிளை விடும். அதைக் கையால்தான் திருத்தணும்.

இங்கிலீஷுக்கு இந்தக் கஷ்டம் இல்லை. அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் ஹெர்ஷி என்பவர் 1967-லேயே கோட்டு எழுத்துகளை உருவாக்கி வெளியிட்டார். கிரேக்கம், ருஷ்யம், ஜப்பானியம்கூட அதில் உண்டு. தமிழ் இல்லை! எழுத்தாணியால் ஓலையில் ஒற்றைக் கோடாக எழுதிய இனத்துக்கா இந்த நிலை?

இது அழகுப் பிரச்சினை இல்லை நண்பர்களே, விரல் பிரச்சினை! சட்டப்படி வைக்கும் அறிவிப்புகள் பெரும்பாலான தொழிலாளர்களுக்குப் புரியும் மொழியிலும் இருக்கணும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே சொன்னது. மெஷினுக்கு வசதியில்லை என்பதற்காக அம்மாவுக்குத் தெரியாத மொழியில் எச்சரித்தால் அது எச்சரிக்கையா?

என் கருத்து இரண்டு. ஒன்று, கோடாக வரைந்த மூல ஃபைலை அழிக்காதீர்கள். வடிவமாக்கும் முன் நகல் எடுத்து வையுங்கள். இரண்டு, நம் மாணவர் பேரவையே தமிழுக்கு ஒற்றைக் கோட்டு எழுத்து வரைந்து இலவசமாகத் தரணும். 247 என்று மலைக்க வேண்டாம். காலும் கொம்பும் புள்ளியும் ஒருமுறை வரைந்தால் போதும். இகர, ஈகார, உகர, ஊகார வரிசைகளுக்குத்தான் தனி உழைப்பு.

அன்று ராத்திரி உட்கார்ந்து அந்தத் தகட்டின் எழுத்துகளை நானே கோடாக வரைந்தேன். மறுநாள் பொறித்த தகட்டை அம்மாவிடம் காட்டினேன். விரலால் தடவித் தடவிப் படித்தார். மீதி எழுத்துகளை நாம் சேர்ந்து வரைவோம், வாருங்கள்!

– மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்