புகை சொல்லும் நோயைக் கேட்போம்

வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கும் காலம் வந்தால் தம்பிலுவில், திருக்கோவில் பகுதிகளில் பல வீடுகளில் கலக்கம் தொடங்கிவிடுகிறது. புகைப் பரிசோதனைச் சான்றிதழ் இல்லையென்றால் அனுமதிப்பத்திரம் இல்லை. அனுமதிப்பத்திரம் இல்லையென்றால் வாகனம் றோட்டில் இறங்க முடியாது. யுத்தத்தாலும் 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையாலும் இடம்பெயர்ந்து, வயலையும் மாட்டையும் இழந்த எத்தனையோ குடும்பங்களுக்கு இன்று ஓர் ஓட்டோ அல்லது பழைய டீசல் வான்தான் வயல். அது நின்றால் அடுப்பும் நின்றுவிடும்.

இப்பரிசோதனை 2008இல் மேல் மாகாணத்தில் தொடங்கிப் பின்னர் நாடெங்கும் வந்தது. அதைத் தவறென்று நாம் சொல்லமாட்டோம். டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2012இல் அறிவித்தது. அந்தப் புகையை முதலில் சுவாசிப்பவர்கள் றோட்டோரம் குடியிருக்கும் எம் பிள்ளைகளே.

ஆனால் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். எமது நிலையத்தின் பழைய வான் ஒருமுறை பரிசோதனையில் தவறியது. "பம்பின் ஸ்குரூவை இன்றைக்கு மட்டும் குறைத்துவிடுவோம், நாளைக்குப் பழையபடி கூட்டலாம்" என்றார் ஒருவர். நாமும் தலையாட்டினோம். சான்றிதழ் கிடைத்தது. மறுநாளே வான் பழையபடி கரும்புகை கக்கிக்கொண்டு பாடசாலை வாசலைக் கடந்தது. நாம் ஏமாற்றியது இயந்திரத்தையல்ல, பிள்ளைகளை என்று அப்போதுதான் உறைத்தது. அடுத்த முறை எயார் பில்டரை மாற்றி, நொசில்களைக் கழற்றிச் சோதித்துத் திருத்தினோம். புகை அடங்கியது, டீசல் செலவும் குறைந்தது.

புகையின் நிறமே நோயைச் சொல்லும். கரும்புகை என்றால் காற்றுக் குறைவு அல்லது எரிபொருள் மிகுதி. முதலில் எயார் பில்டரைப் பாருங்கள். அதன் பின்னரே நொசிலும் பம்பும். நீலப்புகை என்றால் என்ஜின் ஒயில் எரிகிறது. பிஸ்டன் றிங் அல்லது வால்வு சீல் தேய்ந்திருக்கலாம். சூடேறிய பின்னும் வெண்புகை வந்து, றேடியேற்றர் தண்ணீரும் குறைந்தால் கஸ்கட்டைச் சந்தேகியுங்கள்.

பெற்றோல் வாகனமானால் தரப்படும் அறிக்கைத் தாளை எறிந்துவிடாதீர்கள். அதில் காபனோரொட்சைட்டு கூடியிருந்தால் காபரேற்றர் பெற்றோலை அதிகம் விடுகிறது, சோக் இறுகியிருக்கிறது அல்லது பில்டர் அடைத்திருக்கிறது. ஐதரோகாபன் மட்டும் கூடியிருந்தால் பெற்றோல் எரியாமலே வெளியேறுகிறது. பிளக், பிளக் வயர், வால்வு இடைவெளி என்ற வரிசையில் பாருங்கள். பெற்றோலில் மண்ணெண்ணெய் கலப்பதும் இதே கேட்டைத் தரும். எப்போதும் மலிவான திருத்தத்திலிருந்து தொடங்குங்கள். என்ஜினை நன்கு சூடேற்றிய பின்னரே பரிசோதனைக்குக் கொண்டுபோங்கள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு முழுப் பாரத்தையும் ஏழையின் தலையில் வைப்பது நியாயமாகாது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025இலேயே மீண்டும் திறக்கப்பட்டது. திறந்த பின்னும் எம்மவர்க்குப் புது வாகனம் எட்டாக்கனியே. பழையதை நம்பி வாழ்பவனிடம் இலக்கங்கள் நிறைந்த தாள் ஒன்றை நீட்டி, "தவறிவிட்டது" என்று அனுப்பிவிடுவது போதுமா? எங்கே கோளாறு என்று அவனுக்குத் தமிழில் விளங்கப்படுத்த வேண்டும். எம் இளைஞர்களுக்கு இத்தொழிலில் முறையான பயிற்சி வேண்டும்.

அரசு செய்யும்வரை நாம் கைகட்டி இருக்கவும் தேவையில்லை. நொசில் சோதிக்கும் கைப்பம்பு ஒன்றை ஒரு கிராம அபிவிருத்திச் சங்கம் பொதுவில் வாங்கி வைக்கலாம். சிக்கனக் குழுக்கள், அனுமதிப்பத்திரம் முடிவதற்கு இரண்டு மாதம் முன்னரே திருத்தக் கடன் கொடுக்கலாம். முன்பு ஒருவருடைய வயலில் எல்லோரும் இறங்கி நாற்று நட்டோமல்லவா? அதே ஒற்றுமை இன்று கராஜிலும் வேண்டும்.