மழையை அளக்க மரக்காலா, மாவா?

வருஷப் பிறப்பென்றால் பஞ்சாங்கம் படிக்கிறார்கள். இவ்வருஷம் இத்தனை மரக்கால் மழை. அதில் சமுத்திரத்துக்கு இத்தனை பங்கு, மலைக்கு இத்தனை பங்கு, பூமிக்கு இத்தனை பங்கு என்கிறார்கள். நாம் கேட்கிறோம்: அந்தப் பூமிப் பங்கில் பசுவந்தனைக் கரிசலுக்கு எத்தனை படி? அது மண்ணை நனைக்குமா, அடித்துக்கொண்டு போகுமா? இதற்குப் பஞ்சாங்கத்தில் பதில் உண்டா?

நிற்க, சர்க்கார் மழைமானியும் எவ்வளவு பெய்தது என்றுதான் சொல்லுமே தவிர, துளி பெரிதா சிறிதா என்று சொல்லாது. குடியானவனுக்கோ அதுவும் தெரிய வேண்டும். 1 மில்லிமீட்டர் அகலமுள்ள துளி விநாடிக்குச் சுமார் 4 மீட்டர் வேகத்தில் விழுகிறது. 5 மில்லிமீட்டர் துளியோ சுமார் 9 மீட்டர் வேகத்தில் விழுகிறது. அந்தப் பெரிய துளி ஒன்றில் 125 சிறு துளிகளின் தண்ணீர் இருக்கிறது. ஆகவே, அதே அளவு தண்ணீர் பெருந்துளியாய் விழும்போது, சிறு துளியாய் விழுவதைவிட 5 மடங்கு சக்தியோடு மண்ணை அடிக்கிறது. கட்டி நொறுங்கி, மேல்மண் மெழுகினாற்போல் அடைத்துக்கொள்ள, தண்ணீர் உள்ளே இறங்காமல் மண்ணையும் இழுத்துக்கொண்டு ஓடைக்குப் போகிறது. கொட்டித் தீர்த்தும் ஓர் உழவுக்கு ஈரமில்லையே என்று ஐப்பசியில் புலம்புவதற்கு இது ஒரு முக்கிய காரணம். தலைவிதி அல்ல.

துளியை அளக்கப் பெரிய யந்திரம் வேண்டுமோ? அமெரிக்காவில் ஜெரிகோ என்னும் ஊரில் வில்சன் பெண்ட்லி என்றொரு குடியானவர் இருந்தார். பள்ளிக்கூடப் படிப்பு அதிகமில்லாதவர். ஒரு தட்டில் 1 அங்குல உயரம் கோதுமை மாவைப் பரப்பி, சில விநாடி மழையில் காட்டினார். துளி விழுந்த இடமெல்லாம் மாவு உருண்டையாயிற்று. அதை, அளவு தெரிந்த துளியால் செய்த உருண்டையோடு ஒப்பிட்டார். இப்படி 300 தடவைக்கு மேல் அளந்து 1904-ல் வெளியிட்டார். 1943-ல் லாஸ், பார்சன்ஸ் என்ற இருவர், இதே மாவைக் கொண்டே, மழை வலுக்க வலுக்கத் துளியும் பெருக்கிறதென்று காட்டினார்கள்.

அடியின் பலத்தை அறிய மணலே போதும். அடியில் துளையிட்டுத் துணி வைத்த இரண்டு டப்பாக்களில் காய்ந்த மணலை நிரப்பி நிறுத்துக்கொள்ளுங்கள். ஒன்றைத் திறந்தும், மற்றதைச் சோளத்தட்டையால் மூடியும் மழையில் வையுங்கள். பிறகு காயவைத்து மறுபடி நிறுங்கள். தெறித்துப்போன மணலின் எடையே மழை அடித்த அடிக்குச் சாட்சி.

தோழர்களே! மூடிய டப்பாவில் மணல் தங்குமானால், மூடிய நிலத்தில் மண் தங்காதா? அறுப்பு முடிந்ததும் தட்டையைக் கொளுத்தலாமா? கோவில்பட்டியில் விவசாய ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அளந்த கணக்கோடு போய்க் கேளுங்கள். மரக்கால் கணக்குக் கேட்பதற்குக் காது போதும். மாவுக் கணக்குப் பார்ப்பதற்குக் கண்ணும் புத்தியும் வேண்டும். எது வேண்டுமென்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.